கதவு போகிறது, எடை போட்டீர்களா?

சபரிமலை ஐயப்பன் சன்னிதியின் துவாரபாலகர் தகடுகள் 2019-ல் மலையிறங்கி வந்து சேர்ந்த இடம் நம் அம்பத்தூர். தொழிற்பேட்டையிலுள்ள ஒரு முலாம் பூசும் நிறுவனத்துக்கு அவை வந்தன. கோயிலில் கழற்றிக் கொடுத்தபோது எழுதிய மகஜரில் அவற்றைச் செம்புத் தகடு என்றே குறித்திருந்தார்கள். அந்தச் சன்னிதியோ 1998-ல் ஒரு மதுபான அதிபரின் காணிக்கையாக 30.3 கிலோ தங்கமும் 1,900 கிலோ செம்பும் கொண்டு வேயப்பட்டது. மலையில் புறப்பட்டபோது எடை 42.8 கிலோ. ஒரு மாதத்துக்கும் மேல் எங்கெங்கோ இருந்துவிட்டு அம்பத்தூர் வந்தபோது 38.258 கிலோ. நாலரைக் கிலோ காணவில்லை. முலாம் பூசித் திரும்பிப் போனபோது, சன்னிதியில் மாட்டுவதற்கு முன் ஒருவரும் தராசை எடுக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை. 2025 செப்டம்பரில் அதே தகடுகளை மறுபடி கழற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். சபரிமலைக்கென்று உயர்நீதிமன்றம் வைத்திருக்கும் சிறப்பு ஆணையருக்குச் சொல்லாமல் அனுப்பினார்கள். அவர் நீதிமன்றத்துக்கு எழுதினார். கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பழைய காகிதங்களைப் புரட்டியபோதுதான் 2019-ன் கணக்கு வெளியே வந்தது. அக்டோபரில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. தகடுகளை எடுத்துச்சென்ற உபயதாரர் கைதானார். தேவஸ்வம் போர்டின் முன்னாள் தலைவர்கள் இருவர் கைதானார்கள். முலாம் பூசும் நிறுவனத்தின் தலைமை அதிகாரியும் கைதானார். யார் குற்றவாளி, யார் இல்லை என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதைச் சொல்ல இந்தத் தலையங்கத்தை எழுதவில்லை.

நாம் கேட்பது வேறு. இதே காரியம் தமிழ்நாட்டில் நடந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா? நிச்சயமாகத் தெரிந்திருக்காது என்பதே நம் பயம். சபரிமலையில் ஒரு மகஜராவது இருந்தது, அதில் பொய்யாகவாவது ஓர் உலோகத்தின் பெயர் இருந்தது, புறப்பட்ட எடை ஒன்று இருந்தது. அந்த எடை இருந்ததால்தான் குறைவு தெரிந்தது. நம் ஊர்க் கோயில்களிலும், வெள்ளைக்காரன் காலத்து அரசுக் கட்டடங்களிலும், சிற்பம் தட்டிய உலோகக் கதவுகள் பதிவேட்டில் எப்படி இருக்கின்றன என்று விசாரித்துப் பாருங்கள். 'கதவு, இரட்டை, 1' என்று ஒரு வரி இருந்தால் அதுவே பெரிய பாக்கியம்.

இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-ன் 29ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலும் ஒரு சொத்துப் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. நகை, பொன், வெள்ளி, பாத்திரம், மற்ற அசையும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் எடை, கலந்துள்ள உலோகம், மதிப்பு ஆகியவற்றை எழுதச் சொல்கிறது. விக்கிரகங்களின் விவரமும் அதில் வர வேண்டும். 30ஆம் பிரிவு ஆண்டுதோறும் சரிபார்க்கச் சொல்கிறது. நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனால் நிலையில் மாட்டிய கதவு அசையும் பொருளா, அசையாப் பொருளா? கீலில் தொங்கும்வரை அது கட்டடத்தின் பகுதி. கட்டடத்துக்கு நீள அகலம்தான் எழுதுவார்கள், எடை எழுத மாட்டார்கள். கீலிலிருந்து கழற்றிய கணமே அது அசையும் பொருளாகிவிடுகிறது, ஆனால் அசையும் பொருள் பட்டியலில் அதற்கு வரி இல்லை. கழற்றி லாரியில் ஏற்றிய கதவு எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள். கதவின் மேல் ஆணியடித்துப் போர்த்திய தகட்டுக்கோ, அது கதவில் இருக்கும்போதே பட்டியல் கிடையாது. துவாரபாலகர் கவசம், நிலைக்கால் தகடு, படித்தகடு, கொடிமரத் தகடு எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

தங்கத்துக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. அதற்கு நம் ஊரே சாட்சி. காணிக்கையாக வந்து பயன்படுத்த இயலாத பலமாற்றுப் பொன் இனங்களை உருக்கிச் சுத்தத் தங்கமாக்கி வங்கியில் வைக்கும் திட்டத்தை 2021 அக்டோபரில் முதலமைச்சர் தொடங்கிவைத்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட மூன்று கோயில்களில் ஒன்று திருவேற்காடு தேவி கருமாரியம்மன் கோயில். மற்ற இரண்டு சமயபுரமும் இருக்கன்குடியும். ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவரை மண்டலத்துக்கு ஒருவராக நியமித்து, அவர்கள் மேற்பார்வையில் பொன்னைப் பிரித்து, கல்லும் அரக்கும் நீக்கி, எடை போட்டு, மும்பை அரசு உருக்காலைக்கு அனுப்பினார்கள். 21 கோயில்களிலிருந்து 1,074 கிலோ சுத்தத் தங்கம் வங்கியில் முதலீடாகியிருக்கிறது, ஆண்டுக்கு 17.81 கோடி ரூபாய் வட்டி வருகிறது என்று 2025-ல் சட்டமன்றத்தில் அரசு சொன்னது. கோயில் பொன்னை உருக்கலாமா என்று அப்போது எழுந்த எதிர்ப்பு தனி விவாதம். அந்தத் திட்டத்தில் பொன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் தராசும் கையெழுத்தும் இருந்தன என்பதுதான் இங்கே முக்கியம்.

கதவுக்கு அந்த மரியாதை ஏன் இல்லை? பித்தளைதானே, செம்புதானே என்ற அலட்சியம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உபயதாரர்.

இதை நாம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பேசத் தயங்குகிற இடம் இதுதான். குடமுழுக்கு வருகிறது. பாலாலயம் ஆகிவிட்டது. கோபுரத்துக்கு வர்ணம், தளத்துக்குக் கல், விளக்குக்கு வயர் என்று செலவு நெருக்குகிறது. அப்போது ஓர் அன்பர் வந்து, "கதவுக்கு எல்லாம் என் செலவில் பாலிஷ் போட்டு, புதுத் தகடு மாட்டித் தந்துவிடுகிறேன்" என்கிறார். செயல் அலுவலருக்கு ஒரு தலைவலி தீர்ந்தது. அர்ச்சகர் பரிவட்டம் கட்டுகிறார். கதவு வண்டியேறுகிறது. எந்தப் பட்டறைக்குப் போகிறது, பழைய தகடு என்னவாகும், புதுத் தகடு எத்தனை கேஜ் கனம், எத்தனை எடை என்று கேட்டால் கேட்டவர்தான் கெட்டவர். "அம்பாள் காரியத்தில் சந்தேகப்படலாமா சார்?" என்று ஒரு குரல் வரும். செலவைத் தான் ஏற்றுக்கொண்டவரிடம் கணக்குக் கேட்பது நம்மில் பலருக்கு நாகரிகக் குறைவாகத் தெரிகிறது. சபரிமலையில் தகடுகளைக் கையில் வாங்கிக்கொண்டு போனவரும் உபயதாரர் என்ற பெயரில்தான் போனார்.

பெரும்பாலான உபயதாரர்கள் நல்லவர்கள். தன் பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்கோ, மனைவியின் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கோ நேர்ந்துகொண்டு செய்கிறவர்கள். எடை போடுவது அவர்களைத்தான் காப்பாற்றும். நாளைக்கு யாராவது விரல் நீட்டினால் காட்டுவதற்கு அவர்கள் கையில் ஒரு சீட்டு வேண்டாமா? நேர்மையான ஆசாரிக்கும், நேர்மையான முலாம் பட்டறைக்காரருக்கும்கூட அந்தச் சீட்டுதான் கவசம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே ஒரு தொழிற்சாலையிலிருந்து நூறு போல்ட் துத்தநாக முலாமுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போனால்கூட டெலிவரி சலான் இல்லாமல் கேட்டைத் தாண்டாது. என்ன பொருள், எத்தனை, என்ன எடை, எந்த வேலைக்கு, எப்போது திரும்பும் என்று அதில் இருக்கும். திரும்பி வரும்போது ஸ்டோர்ஸில் நிறுத்து வாங்குவார்கள், குறைந்தால் பில்லில் கழிப்பார்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. போல்ட்டுக்கு இருக்கும் இந்தக் காகிதம் சாமி வாசலுக்கு இல்லை.

திருட்டு மட்டும்தான் ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல எண்ணத்தோடு செய்யும் வேலையே பாதிக் கதவைத் தின்றுவிடும். தகட்டு வேலை என்பது அரக்குப் படுக்கையின் மேல் தகட்டைப் பரப்பி, பின்பக்கத்திலிருந்து உளியால் தட்டித் தட்டி உருவத்தை எழுப்பி, பிறகு முன்பக்கம் திருப்பிக் கண், மூக்கு, ஆபரணம், மடிப்பு என்று நுணுக்கம் கீறுவது. எழும்பி நிற்கும் இடங்களில் தகடு மெலிந்திருக்கும். மூக்கு நுனியும் விரலும் முலையும் முழங்காலும்தான் மிக மெல்லிய இடங்கள். இதைக் கொண்டுபோய் ஆசிட்டில் முக்கி, பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் முதலில் தேய்வது அந்த இடங்கள். பளபளவென்று வரும், மக்களுக்குச் சந்தோஷம். ஐந்து குடமுழுக்கு கண்ட கதவில் லட்சுமிக்கு முகமே இருக்காது. வார்ப்பு வெண்கலமானால் கொஞ்சம் தாங்கும், அதுவும் கொஞ்சம்தான். இந்தத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கவும் எடைதான் எளிய வழி. போனதும் வந்ததும் கிராம் கணக்கில் எழுதியிருந்தால், எந்தப் பட்டறை கை பட்டால் எவ்வளவு கரைகிறது என்று தெரிந்துபோகும்.

வெண்கலத்தையும் செம்பையும் காப்பாற்றும் அறிவு நமக்குக் கடன் வாங்க வேண்டிய ஒன்றல்ல. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கி, எஸ். பரமசிவன் தலைமையில் மண்ணுக்குள்ளிருந்து வந்த செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்வேதி முறையில் நீக்கிக் காட்டினார்கள். இந்தியாவில் இந்தத் துறையின் தொடக்க கால முயற்சிகளில் அது ஒன்று. நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டின் நடராசர் இன்றும் அங்கேதான் இருக்கிறார், முகம் தேயாமல். கோயில் கதவுக்குப் பாலிஷ் போடும் முன் அந்த ஆய்வுக்கூடத்தாரை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கலாம் என்பது ஏனோ எவருக்கும் தோன்றுவதில்லை. பட்டறை மேஸ்திரியைக் கேட்கிறோம். அவர் தன் வேலையைச் சொல்கிறார்.

சரி, கோயில் கதவு இப்படி. அரசுக் கட்டடத்துக் கதவு? அங்கே பக்திகூடக் காவலுக்கு இல்லை. சேப்பாக்கம் கலச மகாலில் 2012 பொங்கலை ஒட்டித் தீப்பிடித்தபோது ஒரு தீயணைப்பு வீரரின் உயிரும் ஒரு நவாபு காலத்து மாளிகையின் கூரையும் ஒரே இரவில் போயின. பிறகு பொதுப்பணித்துறை அதை மீட்டுக் கட்டியது, பாராட்ட வேண்டிய வேலை. அடுத்திருந்த ஹுமாயூன் மகாலும் மீண்டது. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க அரசு பணம் ஒதுக்கும் நல்ல காலம் இது. ஆனால் புதுப்பித்தல் என்றாலே முதல் வேலை கதவு ஜன்னல்களைக் கழற்றுவது. பர்மா தேக்கும், அதில் அறைந்த பித்தளைக் கீலும் குமிழும் தாழ்ப்பாளும் கைப்பிடியும் ஒரு ஷெட்டில் குவிகின்றன. எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் கதவுக்குச் சதுர மீட்டர் கணக்கு இருக்கும். கீலுக்கு? கண்டம் செய்த சாமான் என்று ஒரு சீட்டு எழுதினால் அது ஏலத்துக்குப் போகும், ஏலத்திலிருந்து காயலாங்கடைக்கோ, பழம்பொருள் கடைக்கோ போகும். செட்டிநாட்டு வீடுகள் இடிந்தபோது அவற்றின் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வரிசை கட்டி நின்றதை நாடறியும். அவை சொந்தக்காரர்கள் விற்றவை, அவர்கள் இஷ்டம். அரசுக் கட்டடத்தின் கதவை விற்க எவருக்கும் அந்த இஷ்டம் இல்லை.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. ஆணையத்தின் வேலை கட்டடங்களைப் பட்டியலிடுவது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் கட்டடம் நிற்கும், உள்ளே இருந்தவை போயிருக்கும்.

உருக்கினால் காசு என்பதே உலோகத்துக்கு விதி. இங்கிலாந்தில் 2005 டிசம்பரில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் ஒன்றை இரண்டு டன் எடையோடு கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். 30 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சிற்பம் காயலான் விலையில் வெறும் 1,500 பவுண்டுக்கு உருகிப்போயிருக்கும் என்று போலீஸ் முடிவுக்கு வந்தது. கலைச்சந்தையில் விற்றிருந்தால்கூட என்றாவது திரும்பி வந்திருக்கும். உருக்கிவிட்டதால் கேள்வியே இல்லாமல் போயிற்று. திருடினவர்கள் எல்லாரும் திருடர்களாகவும் இருப்பதில்லை. ரோமில் பாந்தியன் முகப்புக் கூரையின் வெண்கலத்தை 1620-களில் பிய்த்து உருக்கியது போப்பாண்டவர் எட்டாம் அர்பன். அதே ரோமில் பழைய செனட் மண்டபத்தின் வெண்கலக் கதவுகளை 1660-ல் பெயர்த்து லாத்தரன் பேராலயத்தில் மாட்டினார்கள். ஓர் அரசு மண்டபத்தின் கதவு இன்னொரு கட்டடத்தின் கதவானது. அது உருகாமல் கதவாகவே இருப்பதால் இன்றும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிகிறது.

நம் நாட்டிலேயே கதவு ஒன்று ஒரு பேரரசைக் கேலிப்பொருளாக்கிய கதை உண்டு. 1842-ல் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ, கஜினி முகமது கொண்டுபோன சோமநாதர் கோயிலின் சந்தனக் கதவுகளை மீட்டுவிட்டேன் என்று பறைசாற்றி, ஆப்கானிஸ்தானிலிருந்து படையோடு இழுத்துவரச் செய்தார். வந்து பார்த்தால் சந்தனம் இல்லை, தேவதாரு. சோமநாதபுரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவை ஆக்ரா கோட்டையில் கிடக்கின்றன. கதவின் அடையாளத்தைக் காகிதத்தில் எழுதி வைக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் எந்தக் கதவையும் எந்தக் கோயிலின் கதவு என்றும் சொல்லலாம், அசலை எடுத்துவிட்டுப் போலியையும் மாட்டலாம்.

எழுதி வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கொலம்பஸ் கதவுகளைப் பார்க்கலாம். உருவம் வடித்தவர் ராண்டால்ஃப் ரோஜர்ஸ், வடித்தது ரோமில், வார்த்தது மியூனிக்கில், எடை 20,000 பவுண்டு, அதாவது ஒன்பது டன். 1863-ல் மாட்டினார்கள், 1871-ல் இடம் மாற்றினார்கள், 1961-ல் முகப்பை நீட்டியபோது மறுபடி மாற்றினார்கள். இரண்டு முறை கீல் கழன்ற கதவு, ஒவ்வொரு முறையும் காகிதத்தோடு. 2021 ஜனவரி 6 அன்று கலகக் கும்பல் அந்த வாசல் வழியாகவும் உள்ளே பாய்ந்தது. எது உடைந்தது, எது தப்பியது என்று சொல்ல அவர்களால் முடிந்தது. சபரிமலைத் தகட்டில் என்ன உலோகம் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று கண்டறிய மாதிரிகளை விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ராக்கெட் விடுகிறவர்கள் வந்து சொல்லும்வரை நம் வாசற்கதவு என்ன உலோகம் என்று நமக்குத் தெரியாது.

எழுதி வைப்பதுகூடப் படம் எடுத்து வைப்பதற்கு ஈடாகாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவன் காட்டிய காகிதங்கள் எல்லாம் பொய். உண்மையைச் சொன்னவை பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் கையாலேயே சாமி திரும்பி வந்தார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அது நம் சாமி என்று எந்தச் சபையில் நிரூபித்திருப்போம்? அந்த நிறுவனத்தார் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்தது திருமேனிகளை. கதவுகளை அப்படி ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தவர் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி எடுப்பதும் பக்தர்கள் கையில் இல்லை. கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022-ல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சன்னிதியின் அமைதிக்கு அது தேவைதான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பக்தன் படமெடுக்கக் கூடாது என்றால் துறைதான் எடுத்து வைக்க வேண்டும், அந்தப் பொறுப்பு இப்போது முழுக்கத் துறையின் தலையில்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். அறநிலையத்துறையில் நகை சரிபார்ப்பு அலுவலர்கள் என்றே தனிப் பதவிகள் இருக்கின்றன. அவர்களுடைய பட்டியலில் கதவு, நிலை, கவசம், தகடு, கொடிமரம் ஆகியவற்றைச் சேர்த்து ஆணையர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். நகைக்கடைகளில் மோதிரத்தை வைத்தால் எத்தனை சதவீதம் பொன், எத்தனை செம்பு என்று சொல்லும் கேரட் மீட்டர் இருக்கிறதே, அதன் கையடக்க வகையை மண்டலத்துக்கு ஒன்று வாங்கலாம், தகட்டைச் சுரண்டாமலே உலோகத்தைச் சொல்லிவிடும். கழற்றும்போது எடை, வண்டியேறும்போது முத்திரை, பட்டறையில் இறங்கும்போது எடை, வேலை முடிந்ததும் எடை, மாட்டும் முன் எடை, எல்லாவற்றிலும் அலுவலர், உபயதாரர், பட்டறைக்காரர், ஊர்க்காரர் ஒருவர் என நால்வர் கையெழுத்து. கழித்த பழைய தகடு கோயிலுக்கே திரும்ப வேண்டும், 'பழசை எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்' என்ற வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். ஊழல் ஒளிந்திருக்கும் இடமே அதுதான். முடிந்தவரை கதவு கோயிலை விட்டே போகக் கூடாது. பட்டறை கோயிலுக்கு வரட்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தகடாக இருந்தால் எழும்பூர் ஆய்வுக்கூடத்தின் எழுத்து இல்லாமல் ஆசிட்டும் பஃபிங்கும் அதைத் தொடக் கூடாது. பொதுப்பணித்துறையின் எம்-புக்கிலும் பாரம்பரியக் கட்டடங்களுக்கு இதே விதி வரட்டும், கீல் எத்தனை, குமிழ் எத்தனை, எடை எத்தனை என்று.

ஆள் பற்றாக்குறை என்று பதில் வரும். ஏற்க முடியாது. 2021-க்குப் பிறகு குடமுழுக்குக் கண்ட கோயில்கள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன என்று துறையே பெருமையோடு சொல்கிறது. ஒவ்வொரு குடமுழுக்கும் கதவுகளைக் கழற்றி மாட்டும் சந்தர்ப்பம். யாகசாலைக்கும் பந்தலுக்கும் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவுவதற்கும் ஆள் கிடைக்கிறது, தராசு பிடிக்க ஆள் இல்லை என்றால் அது பஞ்சமல்ல, மனமில்லாமை. கேரளத்தில் கடைசியில் உயர்நீதிமன்றம்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.டி. சங்கரனை நியமித்துச் சபரிமலையின் விலையுயர்ந்த பொருள்களை எல்லாம் கணக்கெடுக்கச் சொன்னது. திருடு போன பிறகு எடுத்த கணக்கு அது. நாம் அதற்கு முன்னால் எடுக்கலாம்.

தொடங்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறோம். பொன்னைக் கணக்கிட்டு அனுப்புவதில் முதல் வரிசையில் நின்ற கருமாரியம்மன் கோயிலே கதவைக் கணக்கிடுவதிலும் முதலாவதாக நிற்கட்டும். அங்கே தவறு நடந்தது என்று நாம் சொல்லவில்லை, சொல்ல முகாந்திரமும் இல்லை. கூட்டமும் காணிக்கையும் உபயமும் மிகுந்த கோயில் என்பதாலும், முலாம் பட்டறைகள் நிறைந்த அம்பத்தூர் கூப்பிடு தூரத்தில் இருப்பதாலும்தான் சொல்கிறோம். பக்கத்திலேயே சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயில் இருக்கிறது. கோயிலுக்கு ஒரு நாள் வைத்தால்கூட இரண்டே நாளில் இரண்டின் கதவும் கவசமும் படத்தோடும் எடையோடும் பதிவேட்டில் ஏறிவிடும். ஆவடி, பூந்தமல்லி, திருமுல்லைவாயில், மாங்காடு என்று அடுத்தடுத்துப் போகலாம்.

வாசகர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயிலின் 29ஆம் பிரிவுப் பதிவேட்டில் கதவு, நிலை, கவசம் குறித்த பக்கங்களின் நகலும், கடைசித் திருப்பணியில் வெளியே போன உலோகப் பொருள்களின் எடைக் குறிப்பும் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கோயிலின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதிவேட்டில் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலை எங்களுக்கு அனுப்புங்கள், கோயிலின் பெயரோடு அச்சிடுகிறோம்.